அதே வெல்டிங், அதே கை: சம்பளம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பரந்தன் பட்டறை:
கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். கேற், கிறில், உழவு மெசின் பெட்டி என்று வருவதையெல்லாம் ஒட்டுவோம். என்னோடு ஒரே முதலாளியிடம் தொழில் பழகிய மச்சான் இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இதே வேலைதான் செய்கிறான், கைவேகத்தில் என்னைவிடக் கூடியவன் என்று சொல்ல முடியாது. அந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 ஒக்டோபரில் இருந்து ஆகக் குறைந்த மணிக்கூலியே 17.60 கனடா டொலர். எங்கட காசுக்கு மாற்றினால் அது என் ஒரு நாள் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது. லீவுக்கு வருகிற சொந்தக்காரர், இங்கே ஆட்களுக்குப் பஞ்சி, சோம்பல், அதுதான் முன்னேறவில்லை என்கிறார்கள். விடியப் போய் இருட்டும் வரை தகரத்துக்குக் கீழே வேகிறவனுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. உண்மையான காரணம் என்ன? டொலர் பெறுமதி மட்டும்தானா?

முரசுமோட்டை ஆசிரியர்:
தம்பி, பஞ்சிக் கதையை முதலில் தள்ளி வையுங்கள். கிளெமென்ஸ், மொன்டினேக்ரோ, பிரிட்செட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008இல் இதைத்தான் பார்த்தார்கள். 42 நாடுகளை எடுத்து, ஒரே நாட்டில் பிறந்து அங்கேயே படித்தவர்களில் அமெரிக்காவில் வேலை செய்பவர் எவ்வளவு உழைக்கிறார், ஊரில் நிற்பவர் எவ்வளவு உழைக்கிறார் என்று ஒப்பிட்டார்கள். விலைவாசியைக் கழித்த பிறகும் பெரிய இடைவெளி மிஞ்சியது. ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது.

டொலரும் ஒரு பங்குதான். இலங்கையில் ஆளுக்கு வருட வருமானம் ஏறத்தாழ 4,000 அமெரிக்க டொலர், கனடாவில் 50,000க்கு மேல். சாமான் விலையைச் சரிப்படுத்திப் பார்த்தால் இடைவெளி நான்கு மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். பலாசா, சாமுவேல்சன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1964இல் தனித்தனியாகச் சொன்ன விளக்கம் இதற்குப் பொருந்தும். கேற் கப்பலேறிப் போகும் சாமான் இல்லை, முடிவெட்டுவது போல ஊருக்குள்ளேயே விற்று முடிவது. கனடாவில் ஏற்றுமதித் தொழில்களில் ஒரு ஆளின் உற்பத்தி கூடியதால் அங்கே சம்பளம் ஏறியது. பட்டறைக்காரரும் அதற்கு ஈடாகக் கொடுத்தால்தான் ஆள் நிற்கும், கேற் வாங்குகிறவரிடமும் அந்த விலை கொடுக்கக் காசு இருக்கிறது. உங்கள் கேற்றை வாங்குகிறவர் நெல் விற்ற காசோடு வருகிறார். அதனால் உங்கள் சம்பளம் பாதி வயலில்தான் தீர்மானமாகிறது.

வட்டக்கச்சி வயல்:
வயல் என்று சொன்னபடியால் நான் சொல்கிறேன். இலங்கையில் ஒரு ஹெக்டேயருக்கு சராசரி 4 தொன் சொச்சம் நெல் விளைகிறது, அவுஸ்திரேலியாவில் 10 தொன் அளவு. நிலத்துக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆளுக்குக் கணக்குப் பார்த்தால்தான் தலை சுற்றும், அங்கே ஒரு குடும்பம் செய்கிற நிலத்தை இங்கே ஒரு கிராமமே பிரித்துச் செய்கிறது. நெல்லை வெட்டி அடிக்கிற மெசின் வந்தால் எல்லாம் மாறும் என்றார்கள். மெசின் வந்துவிட்டது. முந்தி அரிவு வெட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு என்று கிழமைக்கணக்கில் இழுத்த வேலை இப்போது மத்தியானத்துக்குள் முடிகிறது. ஆனால் மிச்சம் பிடித்த நாட்களை எங்கே கொண்டுபோய் விற்பது? மழையோடு செய்கிற காலபோகம் முடிந்து குளத்தில் தண்ணீர் போதாவிட்டால் அடுத்த சிறுபோகத்துக்குப் பங்குக் காணிதான், வயலில் ஒரு பகுதியை மட்டும் பங்கிட்டு விதைக்கலாம். மெசின் வாடகையும் வெளியே போகிறது, காய வைக்கக் களமோ களஞ்சியமோ இல்லாதவர் ஈர நெல்லை வரம்பிலேயே லொறிக்காரரிடம் கொடுக்கிறார், எல்லாரும் வெட்டுகிற நேரம் என்பதால் விலையும் விழுந்து கிடக்கும். நாட்டில் வேலை செய்பவர்களில் நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறோம், நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை.

கனகராயன் ஆறு:
எல்லாப் பழியையும் இடத்தில் போடுவது சரியில்லை. பொருளியல் வரலாற்று ஆய்வாளர் கிரகரி கிளார்க் 1987இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். 1910இல் பருத்தி ஆலைகளில் மெசின்கள் எங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஆனால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி செய்த வேலைக்கு இந்தியாவில் ஆறு பேர் அளவில் தேவைப்பட்டார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முரசுமோட்டை ஆசிரியர்:
அந்தக் கட்டுரையில் ஆறு பேர் அளவில் தேவைப்பட்ட நாடுகளின் வரிசையில் ஜப்பானும் இருந்தது. அதை மறந்து விட்டீர்கள். ஜப்பான்காரர் பிறவியிலேயே பஞ்சிக்காரர் என்றால் அந்த நாடு பிறகு முன்னேறியதை எப்படி விளக்குவது? கூலி மலிவான இடத்தில் முதலாளி ஒரு மெசினுக்கு இன்னும் இரண்டு பேரைப் போடத் தயங்குவதில்லை, அவர்களுக்குப் பழக்கம் கொடுக்கவும் செலவழிப்பதில்லை.

பரந்தன் பட்டறை:
இது எங்கள் பட்டறையில் அப்படியே நடக்கிறது. ஒரு கிளாம்ப் பிடிக்கிற வேலையை ஒரு பெடியன் நின்று பிடிக்கிறான். கட்டர் தட்டு முடிந்தால் ஆள் போய் வாங்கி வரும் வரை மற்றவர்கள் சும்மா. மச்சானிடம் கேட்டேன், அங்கே இரும்பு அளவாக வெட்டியே வந்து இறங்குமாம், அவன் நாள் முழுக்க ஒட்டுவது மட்டும்தான். அப்படியென்றால் முதலாளி ஏன் மெசின் வாங்குவதில்லை? ஆள் மலிவு, காசு குறைந்த இடத்தில் போட்டால் கூட லாபம் வரும்தானே, வெளிநாட்டுக் காசும் ஏன் இங்கே வரவில்லை?

பாண்டியன்குளம்:
பொருளியலாளர் றொபேர்ட் லூக்காஸ் 1990இல் கேட்ட கேள்வியே அதுதான், பணக்கார நாட்டில் இருந்து ஏழை நாட்டுக்கு ஏன் முதலீடு ஓடி வருவதில்லை என்று. வன்னியில் நின்று பார்த்தால் பதில் கொஞ்சம் தெரியும். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவும் ஈடு வைக்கவும் முடியாது, அதனால் லோன் எடுக்கக் காணி இருந்தும் இல்லாத மாதிரி. ரயில் 1990இல் நின்று கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013இல். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை யுத்தத்தோடு நின்றது, அதோடு அங்கே இருந்த கைத்தொழில் அறிவும் சிதறிப் போனது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள், அடுத்த வருடம் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் பத்து வருடத்தில் காசு திரும்பும் மெசினை யார் துணிந்து வாங்குவார்? உங்கள் முதலாளியிடம் பெரிய மெசின் கேட்காதீர்கள், கிளாம்பும் ஒரு மாதத்துக்கான கட்டர் தட்டும் கேளுங்கள், அதற்கு லோன் வேண்டியதில்லை.