பிசியோதெரபி என்றாலே அழுகை, நிறுத்திவிடலாமா?

குட்டியின் அம்மா:
மகனுக்கு 3 வயது. குறைமாதப் பிள்ளை, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு), இரண்டு காலிலும் இறுக்கம். அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவுகோலில் 3-ம் நிலை என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரபிக்குப் போனதும் படுக்க வைத்துக் காலை இழுத்து நீட்டுகிறார்கள், முடியும்வரை கதறுகிறான், வீட்டிலும் தினமும் அரை மணி நேரம் அதையே செய்யச் சொல்கிறார்கள். இப்போது நான் பாயை விரித்தாலே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒளிந்துகொள்கிறான், அந்த நேரத்தில் மட்டும் என்ன வேகம்! விட்டுவிட்டால் கால் அப்படியே மடங்கிப் போகுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அழ அழச் செய்துதான் ஆக வேண்டுமா?

குழந்தைகள் பிசியோ:
இல்லை. கட்டிலுக்கு அடியில் வேகமாகப் போகிறான் என்றீர்களே, எனக்கு அதுதான் பயிற்சியாகத் தெரிகிறது. தனக்கு வேண்டிய ஒன்றுக்காகப் பிள்ளை தானே அசைவதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் திறமை கூடுகிறது, நாம் இழுப்பதால் அல்ல. சில நிமிடம் கையால் நீட்டினால் தசை நீளமாகி அப்படியே நின்றுவிடாது. நீளம் குறையாமல் பார்த்துக்கொள்ள மணிக்கணக்கில் நீட்டிய நிலை வேண்டும், கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து வைக்கும் ஏஎஃப்ஓ ஸ்பிளிண்டும், பிள்ளையைத் தாங்கி நிற்க வைக்கும் ஸ்டாண்டிங் ஃப்ரேமும் அதற்குத்தான். இறுக்கம் ரொம்ப இருந்தால் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் அது சில மாதம்தான் வேலை செய்யும், அந்த இடைவெளியில் பயிற்சி இல்லையென்றால் வீண்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்: பாதம் தரையில் பதியும் உயரத்தில் ஒரு முக்காலி, எதிரே சோபா, அதன்மேல் அவனுக்குப் பிடித்த கார். எழுந்தால்தான் எட்டும். அடுத்த முறை காரை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், சோபாவைப் பிடித்தபடி நகர்ந்து வரட்டும். குதிகால் கொஞ்சம் தூக்கினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் திருத்தாதீர்கள். 3-ம் நிலை என்றால் பெரும்பாலும் வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளை, எனவே வாக்கரைத் தோல்வி மாதிரி தள்ளிப்போட வேண்டாம். உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி 5 வயதுக்குள் வந்துவிடும்.

இரண்டு பிள்ளை அப்பா:
என் மகளும் 3-ம் நிலைதான். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா? வலி எதுவும் இல்லாமலே தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டு வெளியே நகரும், இந்த நிலையில் பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறது. அந்தத் தலையில் 30 சதவீதத்துக்கு மேல் வெளியே நகர்ந்திருந்தால் எலும்பு டாக்டர் பார்த்தாக வேண்டும். எங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அப்புறம், ஸ்பிளிண்டைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அளவு சரியில்லை, பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

குட்டியின் அம்மா:
எக்ஸ்ரே எடுத்ததே இல்லை, இந்த வாரமே கேட்கிறேன். முக்காலி வைத்துப் பார்த்தேன். ஏழு தடவை எழுந்தான், எட்டாவது தடவை காரைத் தூக்கி என்மேல் எறிந்தான்.

குழந்தைகள் பிசியோ:
நின்றுகொண்டே எறிந்தானா? சபாஷ், நாளைக்குப் பந்து கொடுங்கள்.