கேம் ஓடுகிறது, சாலிட்வொர்க்ஸ் தவழ்கிறது: 3060 கார்டை விற்றுவிடலாமா?

மில்_டிராயிங் (யாங்கோன்)
வணக்கம். தாம்வே பக்கம் வீட்டிலிருந்தே மெஷின் டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். பெரும்பாலும் நெல் மில் வேலை: நெல்லைப் பக்கெட்டில் மேலே ஏற்றும் எலிவேட்டர், சல்லடை, உமிக் குழாய். மெஷின் i5-12400, 32 ஜிபி ராம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜிபி. விண்டோஸ் 11.

அண்ணன் மகன் வந்தால் இதில்தான் கேம் விளையாடுவான். எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் பெகு மில்லுக்கான எலிவேட்டர் அசெம்பிளியை சாலிட்வொர்க்ஸில் (நான் மெஷின் வடிவமைக்கும் 3டி மென்பொருள்) திறந்து, மவுஸின் நடு பட்டனை அழுத்திச் சுற்றினால், கை நின்ற பிறகுதான் படம் வந்து சேருகிறது. ஒரு மாதத்துக்கு முன்பு கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது வேலையே செய்ய முடியவில்லை.

டிரைவரை இரண்டு முறை சுத்தமாக நீக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். மாடலை நிஜப் பொருள் போலப் பளபளப்பாகக் காட்டும் ரியல்வியூ பட்டன் எப்போதும் போல சாம்பல் நிறம், அழுத்த முடியாது. மென்பொருள் வாங்கித் தந்தவரிடம் கேட்டால் "கேமிங் கார்டுக்கு சப்போர்ட் கிடையாது, குவாட்ரோ வாங்குங்க" என்று ஒரே வரி. குவாட்ரோ என்பது இந்த மாதிரி டிராயிங் வேலைக்கென்றே வரும் ஒர்க்ஸ்டேஷன் கார்டு. 3060-ஐ விற்றுவிட்டு அதை வாங்குவதா? காசு இறுக்கமான நேரம், யோசித்துச் சொல்லுங்கள்.

இரும்புக்கடை_தம்பி
குவாட்ரோதான் சயா (சார்). கேம் கார்டு கேமுக்கு, டிராயிங் கார்டு டிராயிங்குக்கு.

மோல்மேன்காரன்
தம்பி, அவ்வளவு சுலபமாக அடுத்தவர் காசைச் செலவழிக்காதே. நான் மூன்று வருஷமாக ஜிஃபோர்ஸில்தான் சாலிட்வொர்க்ஸ் ஓட்டுகிறேன். சாலிட்வொர்க்ஸ்காரர்களின் சான்றிதழ் இல்லாத கார்டு என்பதால் கோளாறு வந்தால் கேட்க ஆள் இல்லை, அது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு இழுக்காது. ஒரு மாதத்துக்கு முன்பு கொஞ்சம் மந்தம் மட்டும்தான் என்கிறீர்களே, அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

முதலில் எல்லா ஃபைலையும் மூடிவிட்டு டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பெர்ஃபாமன்ஸ் போய், "யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்" (கார்டை விட்டுவிட்டுப் பிராசஸரிலேயே படம் வரையும் வழி) டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஃபைல் திறந்திருந்தால் அதை மாற்ற விடாது.

மில்_டிராயிங்
டிக் இல்லை அண்ணே.

செங்கல்_அக்கா
தம்பி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு, அசெம்பிளியை ஒரு பத்து நொடி விடாமல் சுற்றுங்கள். ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கிராஃபிக்ஸ் சிப் தெரிகிறதா? எது ஏறுகிறது?

மில்_டிராயிங்
இரண்டு இருக்கிறது அக்கா. ஜிபியு 0 இன்டெல் யுஎச்டி 730, அது 99 சதவீதத்தில் நிற்கிறது. ஜிபியு 1 என்விடியா, 2 சதவீதம்!

செங்கல்_அக்கா
நினைத்தேன். உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பாரத்தை எல்லாம் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன சிப் இழுக்கிறது. மானிட்டர் கேபிளை மெஷினுக்குப் பின்னால் எங்கே செருகியிருக்கிறீர்கள்? யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்திலா, கீழே கார்டிலா?

கேம் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். மென்பொருள் கார்டிடம் படம் வரையச் சொல்ல டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் என்று வெவ்வேறு வழிகள் உண்டு. இன்றைய கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ். கேபிள் எங்கே இருந்தாலும் விண்டோஸ் பெரிய கார்டில் படத்தை வரைய வைத்து, முடிந்த படத்தை இன்டெல் வழியாகத் திரைக்கு அனுப்பிவிடும். சாலிட்வொர்க்ஸ் ஓப்பன்ஜிஎல். அது பெரும்பாலும் மானிட்டர் எந்தச் சிப்பில் மாட்டியிருக்கிறதோ அதன் வாசலில்தான் போய் நிற்கும். நான் ஓட்டுவது கட்டட டிராயிங் மென்பொருளான ரெவிட், அதுவும் டைரக்ட்எக்ஸ்தான், அதனால் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. எங்கள் ஆபீஸ் பையனுக்கு வந்து இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

மில்_டிராயிங்
அக்கா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போன மாதம் இன்வெர்ட்டர் மாட்ட வந்த பையன் மேஜையை நகர்த்த எல்லா ஒயரையும் பிடுங்கினான். திரும்ப அவனே செருகினான். டார்ச் அடித்துப் பார்த்தால் கேபிள் மேலே, யூஎஸ்பி பக்கத்தில். கார்டின் எச்டிஎம்ஐ வாயில் சிலந்தி வலை பின்னி வைத்திருக்கிறது.

மாற்றிச் செருகி ரீஸ்டார்ட் செய்தாயிற்று. இப்போது சுற்றினால் கையோடு வருகிறது.

இன்னும் இரண்டு குறை. ரியல்வியூ அதே சாம்பல்தான். ரீபில்ட் (மாடலை மறுபடி கணக்கிட்டுக் கட்டுவது) கொடுத்தால் 40 நொடி முழிக்கிறது.

மோல்மேன்காரன்
ரியல்வியூ சாம்பலாக இருப்பது கோளாறு அல்ல. ஒர்க்ஸ்டேஷன் கார்டு இருந்தால்தான் அந்தப் பட்டன் உயிர் பெறும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துத் திறக்கும் வழி சுற்றிக்கொண்டிருக்கிறது, நானும் செய்தேன். அடுத்த அப்டேட்டில் போய்விட்டது, அப்புறம் விட்டுவிட்டேன். தகடு பளபளக்கிறதா என்று பார்த்தா வெல்டர் வெட்டப்போகிறார்?

அதே பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் "என்ஹான்ஸ்ட் கிராஃபிக்ஸ் பெர்ஃபாமன்ஸ்" டிக் செய்து சாலிட்வொர்க்ஸை மூடித் திறங்கள். என்விடியாவில் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள். அதனால் கார்டு குவாட்ரோ ஆகிவிடாது, ஆனால் இந்த மாதிரி மென்பொருள்களோடு சோதித்து வெளியிடுவது அது. ஓரக்கோடுகளோடு ஷேட் செய்து பார்க்கும்போது கொஞ்சம் திணறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோடு வரையும் வேகத்தை ஒர்க்ஸ்டேஷன் டிரைவரில்தான் முழுதாகத் திறந்துவிடுகிறார்கள்.

ரீபில்ட் வேறு கதை. அது பிராசஸரின் வேலை, அதிலும் பெரும்பாலும் ஒரே கோர். எந்த கார்டு வாங்கினாலும் அந்த 40 நொடி அப்படியேதான் இருக்கும். இவேலுவேட் டேபில் பெர்ஃபாமன்ஸ் இவேலுவேஷன் ஓட்டி, எது நேரம் தின்கிறது என்று பாருங்கள்.

மில்_டிராயிங்
பக்கெட் போல்ட்! 148 பக்கெட், ஒவ்வொன்றுக்கும் 4. கஸ்டமர் பார்த்தால் அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு போல்ட்டிலும் மரையை ஹெலிக்ஸ் போட்டு நிஜமாகவே வெட்டி வைத்திருந்தேன். பக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் போல்ட், யார் கண்ணுக்கும் படாது.

இரும்புக்கடை_தம்பி
592 போல்ட்டுக்கும் மரையா! காஸ்மெட்டிக் த்ரெட் போடுங்க சயா, மரையை வெட்டாமல் அடையாளம் மட்டும் காட்டும்.

மில்_டிராயிங்
போட்டாயிற்று. ரீபில்ட் 6 நொடி. அப்படியானால் குவாட்ரோ பேச்சே வேண்டாமா?

செங்கல்_அக்கா
வேகத்துக்காக வேண்டாம். கரண்டுக்காக ஒரு நாள் யோசிக்கலாம். 3060 முழு மூச்சில் ஓடினால் 170 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்ற ஒர்க்ஸ்டேஷன் கார்டுக்கு 70 வாட்தான், தனி பவர் ஒயர்கூடக் கிடையாது, ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் லைன் போய் இன்வெர்ட்டரில் உட்காரும் நேரத்துக்கு அந்த 100 வாட் வித்தியாசம் தெரியும். ஆனால் டிராயிங் சுற்றும்போது 3060-உம் முழுசாக 170 இழுக்காது, அதனால் அவசரம் இல்லை. வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: அதில் எச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது, நான்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட். கன்வெர்ட்டரையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கேபிளை மறுபடி மேலேயே செருகிவிடுவீர்கள்.

மில்_டிராயிங்
இப்போதைக்கு 3060 இருக்கட்டும் அக்கா. அண்ணன் மகனும் சந்தோஷப்படுவான். இன்வெர்ட்டர் பையன் இன்னொரு பேட்டரி மாட்ட ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கேபிளிலும் கார்டின் வாயிலும் சிவப்பு டேப் ஒட்டியாயிற்று, மேலே இருக்கும் ஓட்டையைப் பிளாஸ்திரி போட்டு அடைத்தும் ஆயிற்று.