கேஸ் குறையவில்லை, போர்டு போகவில்லை: ஏசி சென்சார் தேடிய கதை

24-ல் வைத்தால் அறை 29-க்குக் கீழே இறங்காது. போட்டவுடன் ஜில்லென்று காற்று வரும். கொஞ்ச நேரத்தில் வெளியே கம்ப்ரசர் நின்றுவிடும், உள்ளே ஃபேன் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வெக்கையில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. முதலில் வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். இரண்டே நாளில் பழைய கதை. அடுத்து வந்தவர் ஏசியை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டையே மாற்றச் சொன்னார்.

எனக்கு ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. கம்ப்ரசர் ஓடும்போது குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. கேஸ் குறைந்திருந்தால் காற்று இப்படிச் சில்லென்று வருமா? குளிர வைக்கத் தெரிந்த மெஷினை யாரோ "போதும், நிறுத்து" என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு தெர்மாமீட்டரை ஏசி காற்றை உள்ளிழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு நோட்டில் குறித்தேன். 24-ல் வைத்தால் 29-ல் நிற்கிறது. 22-ல் வைத்தால் 27-ல். 20-ல் வைத்தால் 25-ல். எப்போதும் அதே ஐந்து டிகிரி! அறையின் சூட்டை அளக்கிற சென்சார் ஐந்து டிகிரி குறைத்துச் சொல்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு இன்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றினேன். ஃபில்டருக்குப் பின்னால், காற்றைக் குளிர வைக்கும் காயிலுக்கு முன்னால், பிளாஸ்டிக் கிளிப்பில் ஒரு சின்ன மணி மாதிரி இருப்பதுதான் ரூம் சென்சார். காயிலோடு ஒட்டிய செப்புக் கூட்டுக்குள் செருகியிருப்பது பைப் சென்சார். இரண்டுமே சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறைகிற வகை. என் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இரண்டுக்கும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. எல்லா ஏசிக்கும் இதே அளவு இல்லை. 5, 15, 20 கிலோ ஓம் என்றும் வருகின்றன, உங்கள் மாடலுக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரைப் போர்டிலிருந்து உருவிவிட்டுத்தான் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். போர்டோடு சேர்த்து அளந்தால் தப்பான எண் வரும். மணியைக் கையால் பிடிக்கவும் கூடாது, உடம்புச் சூட்டுக்கே அளவு இறங்கிவிடும். ஏசியை அணைத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது, அதனால் இரண்டு சென்சாரும் அறையின் அதே 29 டிகிரியில்தான் இருந்தன. பைப் சென்சார் 8.4 கிலோ ஓம் காட்டியது, 29 டிகிரிக்கு அது சரி. ரூம் சென்சார் 10.5. மேனுவல் அட்டவணையில் பார்த்தால் 10.5 என்பது கிட்டத்தட்ட 24 டிகிரி. பாவம், போர்டு தனக்குச் சொன்னதை நம்பித்தான் நிறுத்தியிருக்கிறது.

புது சென்சாருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதே மாதிரி பட்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

எங்கள் வீட்டில் பைப் சென்சார் பக்கம் பிரச்சினை. காயிலில் பனி கட்டினால் கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. ஆனால் பனியே கட்டாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. சென்சாரைத் தனியாக அளந்தால் சரியாகவே இருந்தது, அதனால் ரொம்பக் குழம்பிப் போனேன். கடைசியில் பார்த்தால் கனெக்டர் பின்னில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடினால் போர்டுக்கு அது கூடுதல் குளிராகத்தான் தெரியும். சுத்தம் செய்து, காயவிட்டு, அழுத்திச் செருகினேன். ஒரு பொருளும் வாங்கவில்லை.

*

தம்பி, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது வேலையே இல்லை.

மீட்டரை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபில்டர் கழுவும்போது ரூம் சென்சார் கிளிப்பிலிருந்து நழுவிக் காயில்மேல் சாய்ந்துவிடும். அப்போது அது அறையை விட்டுவிட்டுக் காயிலின் குளிரைத்தான் சொல்லும், சென்சார் கெட்ட மாதிரியே இருக்கும். இன்னொன்று, சில ரிமோட்டிலேயே ஒரு சென்சார் உண்டு. 'ஃபாலோ மீ', 'ஐ ஃபீல்' என்று பட்டன் இருக்கும். அதைப் போட்டால் ரிமோட் இருக்கும் இடத்துச் சூட்டை வைத்து ஏசி ஓடும். அப்போது ஒழுங்காக ஓடி, அதை எடுத்ததும் பழையபடி நின்றால், சந்தேகம் நேரே ரூம் சென்சார்மேல்தான்.

அவுட்டோரிலும் சென்சார்கள் உண்டு. ஆனால் இன்வெர்ட்டர் ஏசி என்றால் அந்த மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆளைக் கொன்றுவிடும்.

*

அண்ணா, ரொம்ப நன்றி. சென்சார் நழுவவில்லை, கிளிப்பிலேயேதான் இருந்தது. புதியது வந்தது, மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் உடைத்த ஐஸ் போட்ட தண்ணீரில் ஒன்றாக முக்கி, கிளறிவிட்டு அளந்தேன். புதியது 33 கிலோ ஓம், பழையது 41. நேற்றிரவு 24-ல் வைத்தேன், தெர்மாமீட்டரும் 24-ஐத் தொட்ட பிறகுதான் கம்ப்ரசர் நின்றது. அம்மா காலை வரை எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. இரண்டும் ஒரே வயசுதானே, பைப் சென்சாரையும் கையோடு மாற்றிவிடலாமா?

*

அளவு சரியாக இருக்கிறதல்லவா, அதைத் தொடாதீர்கள். செப்புக் கூட்டிலிருந்து இழுக்கும்போது வயர் அறுந்துபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.