டெல்ஃப்ட் கல்லறையில் இருப்பவர் பதினேழாம் லூயியா? கொடிவழி என்ன சொல்கிறது?

சுவடிநேசன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் மகன் லூயி ஷார்ல் 1795 ஜூன் 8 அன்று, பத்து வயதில், பாரிஸின் தாம்பிள் சிறையில் இறந்தார் என்றே படித்திருக்கிறேன். ஆனால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1845 ஆகஸ்ட் 10 அன்று இறந்த கார்ல் வில்ஹெல்ம் நவுண்டோர்ஃப் என்ற கடிகாரத் தொழிலாளியின் கல்லறையில் 'பதினேழாம் லூயி' என்று பொறித்திருக்கிறார்கள். நகரின் இறப்புப் பதிவும் அப்படியே சொல்கிறது. அவருடைய வழியினர் 'த பூர்போன்' என்ற பிரெஞ்சு அரச குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள டச்சு அரசு பின்னாளில் இடமளித்தது. இளவரசரின் தாதியாக இருந்த மதாம் த ராம்போ 1833-இல் இவரை அடையாளம் கண்டதாகவும் சொல்கிறார்கள். இத்தனை சான்றுகள் இருந்தும் இவருடைய உரிமையை ஏற்க மறுப்பது ஏன்?

வேர்தேடி:
ஒருவர் எந்த நாளில், எந்த ஊரில் இறந்தார் என்பதற்கு இறப்புப் பதிவேடு நல்ல சான்று. அவர் யாருக்குப் பிறந்தார் என்பதற்கு அது சான்றாகாது. உடனிருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுத்தர் எழுதிக்கொள்கிறார். கல்வெட்டுக்கும் இதுவே பொருந்தும்.

கொடிவழியைச் சோதிப்பவர் அரசரிடமிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. உரிமை கோருபவரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். நவுண்டோர்ஃபை அப்படிப் பின்தொடர்ந்தால் டெல்ஃப்டிலிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து பாரிஸ், அதற்கும் முன்பு ஸ்பான்டாவ், கடைசியாக 1810-இல் பெர்லின் என்று தடம் தெளிவாகப் போய், அங்கே அறுந்துவிடுகிறது. 1795-க்கும் 1810-க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளை நிரப்புவது அவர் தம்மைப் பற்றிச் சொன்ன கதை மட்டுமே. தாதியின் சாட்சியத்தை நான் இகழவில்லை. ஆனால் ஏழு வயதில் பிரிந்த பிள்ளையை, நாற்பத்தெட்டு வயது என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் அவர் தேடினார் என்பதை மறக்கக் கூடாது.

தாய்வழி:
மேலே சொன்ன அறுந்த தடத்துக்கு மாற்று வழி ஒன்று உண்டு. இழைமணி மரபணு (உயிரணுக்களின் இழைமணிகளில் உள்ள டிஎன்ஏ) தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகிறது. ஆகவே லூயி ஷார்லின் தாய் மேரி அன்டோனெட்; அவருடைய தாயான ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவிலிருந்து மகள், மகளின் மகள் என்று இடையில் ஓர் ஆண்கூட வராமல் இன்றுவரை நீளும் ஒரு கொடி கிடைத்தால் போதும். அது கிடைத்தது: மரியா தெரேசா, அவர் மகள் நேப்பிள்ஸ் அரசி மரியா கரோலினா, பின்பு மரியா தெரேசா என்றே பெயர் கொண்ட பேத்தி, பிரேசில் பேரரசி லியோபோல்டினா, பிரான்சிஸ்கா, பிரான்சுவாஸ், மரீ, மார்கரெத்தா, இறுதியாக ருமேனிய அரசி ஆன். ஒன்பது பெண்கள், எட்டுத் தலைமுறை இடைவெளி. திருமணத்தால் நாடு மாறிக்கொண்டே போன இந்தப் பெண்களை, ஆண்வழியை மட்டுமே பார்க்கும் அரச வம்ச அட்டவணைகள் ஓரத்தில்தான் எழுதிவைத்திருக்கும். ஆனால் இங்கே வழக்கைத் தீர்த்தவர்கள் அவர்கள்தாம்.

1998-இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளர் ழான்-ழாக் காசிமான் குழுவினர், 1950-இல் கல்லறையைத் திறந்தபோது எடுத்துவைத்த கை எலும்பை, அரசி ஆனின் மாதிரியோடும் மேரி அன்டோனெட்டின் சகோதரிகளுடைய தலைமுடியோடும் ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை.

சுவடிநேசன்:
நன்றி ஐயா. சிறையில் இறந்த சிறுவனின் இதயத்தையும் ஆராய்ந்தார்கள் அல்லவா? அது பொருந்தியது என்றால், இறந்தது லூயி ஷார்ல்தான் என்று அந்த ஒரு சோதனையே உறுதிசெய்துவிடுமா?

தாய்வழி:
அந்த ஒரு சோதனை மட்டும் போதாது. பிரேதப் பரிசோதனையின்போது மருத்துவர் பெல்தான் எடுத்து மறைத்துவைத்த அந்த இதயம் 2000-ஆம் ஆண்டில் பொருந்தியது உண்மையே. ஆனால் 1789-இல் இறந்த அண்ணன் லூயி ஜோசப்புக்கும் அதே தாய், அதே இழைமணி மரபணு. மரபணு பொருந்தாவிட்டால் ஆளை விலக்கிவிடலாம். பொருந்தினாலோ, அந்தத் தாய்வழிக்குள் யார் என்று அது சொல்லாது.

வேர்தேடி:
அங்கேதான் பழைய வழக்கம் கைகொடுக்கிறது. அண்ணன் இறந்தது முடியாட்சிக் காலத்தில்; அரச குடும்பத்தாரின் இதயங்களை முறைப்படி பாடம் செய்து வைத்த காலம் அது. பெல்தான் எடுத்த இதயம் அவ்வாறு பாடம் செய்யப்படாமல், சாராயத்தில் போட்டு வைக்கப்பட்டுப் பின்பு காய்ந்துபோனது; ஆகவே அது அண்ணனுடையதாக இருக்க முடியாது என்கிறார்கள். 2004 ஜூன் 8 அன்று பிரெஞ்சு அரசர்களை அடக்கம் செய்த சான் தெனி பேராலயத்தில் அதை அடக்கம் செய்தார்கள்.