பத்துப் பேர் குடியிருக்கப் போகும் வீட்டுக்குப் பிளான் பார்த்த அனுபவம்

ஈரோட்டிலிருந்து:

அப்பத்தா, மாமனார், மாமியார், நாங்கள் இருவர், கொழுந்தனார், ஓரகத்தி, பிள்ளைகள் மூவர். இடம் 40க்கு 60, ஐந்தரை சென்ட். இன்ஜினியர் முதலில் கொடுத்த பிளான் படத்தில் அவ்வளவு அழகு: மாடிக் கூரை வரை உயர்ந்த ஹால், கீழே 10க்கு 10 அளவில் ஒரே பெட்ரூம், மற்ற மூன்றும் மேலே. அப்பத்தாவுக்கு 82 வயது. மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். கீழே இருக்கும் ஒரே அறை யாருக்கு?

காகிதத்தில் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை. காலி மனையில் குச்சி நட்டு, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் அறைகளை முழு அளவில் கோடு போட்டோம். கட்டில் வரும் இடத்தில் நாற்காலி போட்டு அப்பத்தாவை உட்கார வைத்தேன். "ராத்திரி எந்திரிச்சா எப்படிப் போவீங்க, நடந்து காட்டுங்க" என்றேன். தடியை ஊன்றிப் போனவர் பாத்ரூம் கதவுக் கோட்டில் நின்றுவிட்டார். "இதுல நானும் என்னையப் புடிச்சுட்டு வர்றவளும் எப்படிக் கண்ணு போறது?" அந்தக் கதவு இரண்டரை அடி. அன்றைக்கே மூன்றரை அடியாக்கச் சொல்லிவிட்டோம்.

அடுத்து சமையலறை. ஏழடி அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போனால் நடுவில் மூன்றடிதான். நானும் ஓரகத்தியும் உள்ளே நின்று பார்த்தோம். ஒருத்தி குனிந்து சிலிண்டரைத் திறந்தால் மற்றவள் வெளியே வந்தாக வேண்டும். மாமனார் அக்னி மூலையை விட்டுக்கொடுக்க மாட்டார். அதை நாங்களும் கேட்கவில்லை. மூலை அப்படியே இருக்க, ஹாலில் மூன்றடி எடுத்துக்கொண்டோம். உயரக் கூரையையும் விட்டோம். ஹால் இன்னும் சுருங்கிக் கீழே இரண்டாவது பெட்ரூம் கிடைத்தது. இப்போது பேஸ்மென்ட் வரை வேலை முடிந்திருக்கிறது.

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஐயா வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசையாகப் போகும். வளவு முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை. 'வேறு வைத்த' பிறகு, அதாவது மகனையும் மருமகளையும் தனிக் குடித்தனமாக்கிய பிறகு, ஒவ்வொரு புள்ளிக்கும் (தம்பதிக்கும்) அடுப்பும் தனி. ஒரே கூரைக்குக் கீழேதான் அத்தனை பேரும். மருமகள்கள் இருவரும் ஒத்துப்போகிறீர்கள், சந்தோஷம். அப்படியும் மாடியில் ஒரு சின்ன சமையல் மேடைக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் இப்போதே போட்டு வையுங்கள். பிறகு சுவரை உடைப்பது பெரும்பாடு.

திருச்சியிலிருந்து:

மாடிப்படி எங்கே வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஹால் நடுவில். இரவு ஷிப்ட் முடிந்து வரும் தம்பி, அப்பா முழித்துக்கொள்வாரே என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவான். இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒவ்வொரு படியையும் ஏழரை அங்குல உயரத்துக்கு வைத்துவிட்டார்கள். அம்மா மொட்டை மாடிக்குப் போய் மூன்று வருடமாகிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கால் முழுதாகப் பதிய 11 அங்குல அகலமும் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:

எங்களுக்கும் படி ஹாலுக்குள்ளேதான், அப்பத்தா அறைச் சுவரை ஒட்டி. வாசல் பக்கம் தள்ளினால் அந்த மூலைத் தூணோடு ஒத்துவருமா என்று நாளை காலை மேஸ்திரி வந்ததும் கேட்கிறேன். குழாய் விஷயத்தை இப்போதுதான் ஓரகத்தியிடம் சொன்னேன். "போட்டு வைப்போம்க்கா" என்றாள்.