புதுப்பிப்பு: கெந்திங் ஹோட்டல் அறையும் இறங்கும் பாதையும்

மலேசியாவின் பத்தாங்காலி ஊரிலிருந்து கெந்திங் மலையில் உள்ள ஃபர்ஸ்ட் வோர்ல்ட் ஹோட்டலுக்குப் போவது பற்றிய என் பழைய பதிவில் அதிகம் வந்த கேள்வி: சாதாரண அறையில் ஏர்கோன் உண்டா? இல்லை. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தேவையும் படாது. ஆனால் சன்னலைத் திறந்துவிட்டுத் தூங்காதீர்கள். மூடுபனி நுழைந்தால் துணி காயாது.

ஹோட்டலில் அறைகள் 7,351. பள்ளி விடுமுறையில் செக்-இன் வரிசை நீளும், அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டு உறவினர் அறை எடுத்தால் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, மலேசியர்களான நமக்கு இல்லை. கசினோவுக்குள் 21 வயதுக்குக் கீழ் விடமாட்டார்கள்.

இறங்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் கியரைக் குறைத்து 2 அல்லது எல்-இல் (தாழ்ந்த கியர்) போடுங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் பேட் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி பிடிப்பில்லாமல் உள்ளே போய்விடும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிஸ்க் கோணிவிடும்.