நல்ல தண்ணி சம்ப்புல வாடை, புழு. கழுவியும் போகல, என்ன பண்ணலாமுங்க?

ரெண்டாவது வீதி:
கோயமுத்தூருங்க, சிறுவாணித் தண்ணி. எட்டு நாளைக்கு ஒருக்கா உடறாங்க. சம்ப்பு ஆறடி நீளம், நாலடி அகலம், தண்ணி அஞ்சடி நிக்கும். உட்ட மூணு நாளைக்கு நல்லாருக்குது, நாலாம் நாள்ல இருந்து சேத்து வாடை. மேல புழு வேற நெளியுது. போன மாசந்தான் எறச்சுட்டுக் கழுவுனது. பிளீச்சிங் பவுடர் ஒரு கை அள்ளிப் போட்டும் பாத்தாச்சு, ரெண்டு நாள் மருந்து நாத்தம், அப்புறம் பழையபடி. அடியில வெள்ளையா மாவாட்டம் படிஞ்சு கெடக்குது. பருப்பும் முன்ன மாதிரி வேக மாட்டேங்குது. சம்ப்பு பூரா டைல்ஸ் ஒட்டுனாத்தான் செரியாகும்னு கொத்தனார் சொல்றாரு. தேவையாங்க?

முக்கா இஞ்ச்:
டைல்ஸ் எல்லாம் வேண்டாமுங்க. மூணு நாலு கோளாறு ஒண்ணாச் சேந்து கெடக்குது, அதான் எதைப் பண்ணுனாலும் பத்தல.

மொதல்ல வாடை. தண்ணி உடாத நாள் பூரா தெருக்குழாய் வெறுங்குழாய்தான். ஜாயிண்டுலயோ, துருப்புடிச்ச வீட்டு இணைப்புலயோ ஓட்டை இருந்தா மண்ணும் சாக்கடை ஈரமும் அதுவழியா உள்ள எறங்கியிருக்கும். உடற அன்னைக்கு மொதத் தண்ணி அதையெல்லாம் தள்ளிக்கிட்டு வருது. அது நேரா சம்ப்புல விழுந்தா அடியில படிஞ்சு, காத்துப் படாம அழுகி, நாலாம் நாள் வாடை தூக்கும். சம்ப்புக்குப் போற லைன்ல வெளியவே ஒரு டீ (T மாதிரி மூணு வாய் இருக்கற இணைப்பு) போட்டு ரெண்டு பால் வால்வு (ball valve) வெச்சிருங்க, ஒண்ணு சம்ப்புக்கு, ஒண்ணு வெளிக்கு. மொதப் பத்துப் பதினஞ்சு நிமிசம் வெளிய உட்டு, வெள்ளை மக்குல புடிச்சுப் பாத்து, தெளிஞ்ச பொறகு உள்ள திருப்போணும். வெளிய உட்ட தண்ணி வாழைக்கு ஆச்சு. அரை மணி நேரம் உட்டும் வாடை நிக்கலைன்னா வீதி லைனே உடைஞ்சிருக்குது. பக்கத்து வீட்லயும் புடிச்சுப் பாத்துட்டு ரெண்டு பேருமாச் சேந்து மாநகராட்சில எழுதிக் குடுங்க. வீதில எவராச்சும் தெரு லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சாலும் இதே கதைதான். உறியற உறில ஓட்டைவழியாச் சாக்கடையும் சேந்து வரும்.

அடுத்தது புழு, அது கொசுப்புழுவாத்தான் இருக்கும். தண்ணிய எறச்சாக் கழுவுனதா ஆகாதுங்க. டெங்கு கொசு முட்டை வெக்கறது தண்ணிக்குச் சித்தெ மேல, ஈரச் செவுத்துல. அந்த முட்டை காஞ்சு போனாலும் மாசக்கணக்குல சாகாது, தண்ணி ஏறி நனைஞ்சாப் பொரிஞ்சிரும். பொரிஞ்சு கொசுவா ஆக ஒரு வாரம், பத்து நாள். உங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி. கொசுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேணும்? தேங்காய் நார் பிரஷ்சால செவுரு நாலும், மூலையும், மேல் சிலாப்போட அடிப்பக்கமும் அழுத்தித் தேய்க்கோணும். அப்புறம் மூடி விளிம்புல ரப்பர் பட்டை, காத்துக் குழாய் வாய்லயும் ஓவர்ஃபுளோ வாய்லயும் நைலான் வலையைச் சுத்திக் கம்பில இறுக்கிக் கட்டோணும். இதை உட்டுட்டா எத்தனை தடவை கழுவுனாலும் வீண்.

ஆளு எறங்கறதுக்கு மின்ன மோட்டார் மெயினை ஆஃப் பண்ணிருங்க, சுவிட்சை மட்டும் நம்பாதீங்க. மூடியத் தொறந்து வெச்சு நல்லாக் காத்தாட உட்டு, மேல ஒருத்தர் நிக்காம எறங்கக் கூடாது. பாத்ரூம் ஆசிடையும் பிளீச்சிங்கையும் சேத்துப் போடறவங்க இருக்கறாங்க. அது விஷவாயு, குழிக்குள்ள ஆளையே அடிச்சிரும்.

நொய்யல் கரை:
மேல சொன்னது அத்தனையும் செரி. பிளீச்சிங்கு ஒரு கை அள்ளிப் போடற சங்கதி இல்லீங்க. உங்க சம்ப்பு 6 × 4 × 5, 120 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வெச்சா சுமார் 3,400 லிட்டர். குடிக்கற தண்ணிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும், உங்க சம்ப்பு நெறஞ்சு நிக்கறப்ப எட்டரை கிராம். ஒரு கைங்கறது அதைப் போல பல மடங்கு.

நேராத் தூவவும் கூடாது. பிளாஸ்டிக் வாளில கரைச்சு, பத்து நிமிசம் தெளிய உட்டு, மேல்தண்ணிய மட்டும் சம்ப்புல ஊத்தோணும். அடியில நிக்கற சுண்ணாம்பை வெளிய கொட்டிருங்க. நீங்க சொல்ற வெள்ளை மாவு அந்தச் சுண்ணாம்புதான். ஊத்துன பொறகு ஒரு மணி நேரம் தண்ணி எடுக்க வேண்டாம். மாநகராட்சித் தண்ணில ஏற்கெனவே குளோரின் இருக்கும், நாள் போகப் போகத்தான் கொறையும். அதனால வந்த அன்னைக்கே போடாம மூணாம் நாள் சாயங்காலம், அப்ப நிக்கற தண்ணிக்குத் தக்கபடி போடுங்க. தொறந்து வெச்ச பவுடர் வீரியம் போயிரும். சின்னப் பொட்டலமா வாங்கி, காத்துப் போகாத டப்பாவுல, வெயில் படாம வெக்கோணும்.

இன்னொண்ணு, அடியில சேறு இருக்கற வரைக்கும் எத்தனை குளோரின் போட்டாலும் சேறே தின்னுரும். கழுவாம பிளீச்சிங் போடறது காசுக்குக் கேடு.

கொழாயடி:
பருப்பு வேகலைன்னு சொன்னதை ரெண்டு பேரும் உட்டுட்டீங்களே. சிறுவாணி சுண்ணாம்புச் சத்து கொறைஞ்ச மென்தண்ணி, அதுல பருப்பு மலந்து வெந்துரும். போர்த் தண்ணில இருக்கற சுண்ணாம்புச் சத்துதான் பருப்பை இறுக்கிப் புடிக்கறது. ஆக, உங்க சம்ப்புல போர்ல வர்ற உப்புத் தண்ணி கலக்குதுன்னு தோணுது. பழைய வீடுகள்ல அவசரத்துக்குன்னு நல்ல தண்ணி லைனுக்கும் போர் லைனுக்கும் நடுவால ஒரு கேட் வால்வு போட்டு வெச்சிருப்பாங்க, இருக்குதான்னு பாருங்க. டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கறது) இருந்தாத் தண்ணி வர்ற அன்னைக்குத் தெருக்குழாய்ல ஒண்ணு, நாலாம் நாள் சம்ப்புல ஒண்ணு எடுங்க. சம்ப்புல நூறு நூத்தம்பது ஏறியிருந்தாக் கலக்குதுன்னு வெச்சுக்கலாம். மீட்டர் இல்லைன்னா சோப்பு போதும், நொரை கொறையும்.

ரெண்டாவது வீதி:
கேட் வால்வு இருக்குதுங்க, மோட்டார் ரூம்ல, செவுத்தோரமா. இறுக்கி மூடித்தான் வெச்சிருக்குது.

முக்கா இஞ்ச்:
பித்தளை கேட் வால்வு வருசம் ஆக ஆக நாக்குத் தேஞ்சு, மூடுனாலும் கசியும். வால்வைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் எண்டு கேப் போட்டு அடைச்சிருங்க. புதுசா வேற வால்வு மாட்டாதீங்க. டீ போட ஆள் வர்றப்பவே சேத்துச் சொல்லுங்க, ஒரே கூலில முடியும். அவரு வந்தாருன்னா ஃபுட் வால்வையும் (மோட்டார் உறியற குழாயோட அடி முனையில இருக்கற வால்வு) சம்ப்புத் தரையில இருந்து அரையடி தூக்கி மாட்டச் சொல்லுங்க, இப்ப அது சேத்துல உக்காந்துதான் உறியுதோ என்னமோ.